இருபத்தேழாவது பாயிண்ட்

பத்தரை மணிக்கு மந்திரி கடந்துவிடுவார் என்று சொல்லித்தான் காலை ஏழு மணிக்கே தவமணியை நாற்கரச் சாலையோரத்தில் இறக்கிவிட்டுப் போனது வேன். இப்போது மணி பதினொன்று நாற்பது. மந்திரி இன்னும் விருந்தினர் மாளிகையிலிருந்தே கிளம்பவில்லை என்று இடுப்பில் மாட்டியிருந்த வயர்லெஸ் மைக்கில் யாரோ யாருக்கோ சொன்னது காதில் விழுந்தது. கிளம்பவில்லை. கிளம்பினாலும் இங்கே வந்து சேர முக்கால் மணி நேரம். கடைசியாக அவள் கழிப்பறைக்குப் போனது காலை ஐந்தேகாலுக்கு, வீட்டில், மகள் இலக்கியா எழுந்திருக்கும் முன்னால். ஆறரை மணி நேரம். ஆறரை மணி நேரமெல்லாம் ஒரு நேரமா, போன தேர்தலில் பதினொரு மணி நேரம் நின்றவள்தானே நீ என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சொன்ன மறுநொடி அடிவயிறு கல்லாக இறுகி, இறுகியது தொடைவரைக்கும் ஓடி, அவள் வலது காலை இடது காலோடு ஒட்டி நிறுத்திக்கொண்டாள். வெளியில் பார்க்கிறவர்களுக்கு ஏட்டம்மா விறைப்பாக நிற்பதாகத்தான் தெரியும். சாலைக்கு முதுகைக் காட்டி, வயற்காட்டைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது உத்தரவு. முன்னால் என்ன வருகிறது என்று கண்காணிக்க. முன்னால் என்ன வருகிறது, ஒன்றும் வரவில்லை. சோளத்தட்டை அறுத்த நிலம், அதில் இரண்டு ஆடு, அதைத் தாண்டி ஒரு ஓட்டு வீடு, வீட்டுக்குப் பக்கத்தில் அரசாங்கத் திட்டத்தில் கட்டிக்கொடுத்த ஒற்றைக் கழிப்பறை, அதற்கு நீலத் தகரக் கதவு. நாலரை மணி நேரமாக அவள் அந்த நீலக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வேறு எங்கே பார்த்தாலும் கண் அங்கேயே போய் நிற்கிறது. இருநூறு அடி இருக்குமா. நூற்று எண்பது இருக்கும். நடந்தால் ஒரு நிமிடம். பாயிண்டை, காவலுக்கு நிறுத்திய இடத்தை, விட்டு நகர்ந்தால் மெமோ.

நேற்று ராத்திரியோடு தண்ணீரை நிறுத்திவிட்டாள். பந்தோபஸ்து என்று உத்தரவு வந்ததும் பெண் போலீஸ் எல்லோரும் முதலில் செய்வது அதுதான். காலையில் ஒரு வாய் டீ, அதுவும் பாதி. குடிக்காவிட்டால் வராது என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்று அரசு மருத்துவமனையில் டாக்டர் நிலோஃபர் ஒரு சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டியிருந்தாள். தவமணியைவிட ஏழெட்டு வயது சின்னவள், அக்கா அக்கா என்றுதான் பேசுவாள். இரண்டு அவரை விதையை வரைந்தாள். அதிலிருந்து இரண்டு கோடு கீழே இழுத்து ஒரு பையில் சேர்த்தாள். "இதுக ரெண்டும் தூங்கவே தூங்காதுக்கா. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவ உங்க உடம்பு ரத்தம் மொத்தமும் இதுக வழியாப் போயிட்டு வருது. ஒரு நாளைக்கு நூத்தியெண்பது லிட்டர் வடிகட்டுது, வடிகட்டுனதுல வேணுங்கறத எல்லாம் திரும்ப எடுத்துக்குது, ஒன்றரை லிட்டரத்தான் வேண்டாம்னு வெளிய அனுப்புது." நூற்று எண்பது லிட்டர். வீட்டு மாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டி ஐந்நூறு லிட்டர். மூன்று நாளில் அதை நிரப்பி, கழுவி, மறுபடி குடித்துவிடுகிற இரண்டு சாமான் தன் முதுகுக்குள் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் அவள் கேள்விப்பட்டாள். "நீங்க குடிக்கலன்னாலும் அது வேலைய நிறுத்தாதுக்கா. கழிவு வந்துக்கிட்டேதான் இருக்கும். தண்ணி இல்லன்னா அதக் கெட்டியாக்கி அனுப்பும். கெட்டியானா உப்பு படியும், படிஞ்சா கல்லு. பை நிறைஞ்சும் நீங்க விடலன்னா அதுல கிருமி குடியிருந்து பெருகும். பெருகுன கிருமி கீழயே கெடக்காது, இந்தக் குழாய் வழியா மேல ஏறும்." பேனா முனை கோட்டின் மேல் ஏறி அவரை விதைக்குள் போய்க் குத்தி நின்றது. ஆம்பளைக்கு வெளிய வர்ற வழி ஒரு சாண் நீளம், நமக்கு ரெண்டு விரற்கட, அதான் கிருமிக்கு நம்ம வீடு கிட்டக்க, என்று சொல்லிவிட்டு நிலோஃபர் சிரித்தாள். தவமணிக்குச் சிரிப்பு வரவில்லை. ரத்தம் ஊறச் சொல்லி எலும்புக்குச் சேதி அனுப்புவதும் இதுதான், ரத்த அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதும் இதுதான் என்று அவள் அடுக்கிக்கொண்டே போக, தவமணி ஒன்றை மட்டும் நினைத்தாள். இதுகளுக்கு லீவே கிடையாது போல. நம்மைப் போலத்தான்.

முதுகின் இடப்பக்கம் விலா முடிகிற இடத்தில் லேசாக ஒரு குடைச்சல். லேசாகத்தான். வெயிலாக இருக்கும், நின்ற நிலையாக இருக்கும், பெல்ட்டாக இருக்கும். பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினாள். இந்தக் குடைச்சலை அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் கோயில் கொடைத் திருவிழா பந்தோபஸ்தில் இப்படித்தான் வெயிலாக இருக்கும் என்று நினைத்தாள். மூன்றாம் நாள் பற்கள் கிட்டிக்க ஒரு நடுக்கம் வந்தது பார், போர்வை மேல் போர்வை போட்டும் கட்டில் ஆடியது. புருஷன் ஞானசேகர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், என்ன செய்வதென்று தெரியாமல், லேத்துப் பட்டறை எண்ணெய்க் கறை படிந்த விரல்களோடு. இடப்பக்கக் குழாயில் கல் அடைத்து, மேலே தேங்கி, தேங்கினதில் சீழ் வைத்திருந்தது. குழாய்க்குள் இன்னொரு குழாய் வைத்தார்கள், கல்லை உடைத்தார்கள். எல்லாம் ஆன பிறகு ஸ்கேனைப் பார்த்துவிட்டு நிலோஃபர் சிரிக்காமல் சொன்னாள், "இடது பக்கத்து கிட்னி சுருங்கிடுச்சுக்கா. இனி அது கால்வாசி ஆள். வலதுதான் ரெண்டு பேர் வேலையையும் பாக்குது. அதையாவது பாத்துக்கங்க." கால்வாசி ஆள். அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்துப்போயிற்று, பிடிக்கவும் இல்லை. உள்ளே ஒருத்தன் மெடிக்கல் லீவில் படுத்திருக்கிறான், இன்னொருத்தன் அவன் பாயிண்டையும் சேர்த்து நிற்கிறான். அவனுக்கும் நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யாரை மாற்றுவார்கள். மாற்ற ஆள் கிடையாது. ஜெசிந்தாவுக்கு மாற்ற ஆள் கிடைக்கவில்லை.

ஜெசிந்தாவை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள். நினைக்கக் கூடாது என்று நினைப்பதே நினைப்பதுதானே. பயிற்சிப் பள்ளியில் பக்கத்துக் கட்டில்காரி. மைதானத்தில் மணிக்கணக்கில் அணிவகுப்பு, நடுவில் கையைத் தூக்கிக் கேட்டால் பயிற்சி கொடுக்கிறவர், அடக்கத் தெரியாதவளுக்கெல்லாம் எதுக்குடி காக்கி என்பார். அடக்கு. அந்தச் சொல்லை முதலில் சொன்னது அவர் இல்லை. மூன்றாம் வகுப்பில் ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு நின்றபோது டீச்சர் சொன்னாள், இன்டர்வெல்லில் போகாமல் என்ன செய்தாய், அடக்கு. பஸ்ஸில் அம்மா சொன்னாள், இன்னும் ரெண்டு ஸ்டாப்புதான், அடக்கிக்கோ. கல்யாணமாகிப் போன வீட்டில் கொல்லைக்குப் போக இருட்ட வேண்டும், அங்கே யாரும் சொல்லவில்லை, அவளாகவே அடக்கினாள். ரொம்ப அடக்கமான பொண்ணு என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னாள். இரண்டும் ஒரே சொல்தானா. அடக்கமாக இருப்பதும் அடக்கிக்கொண்டு இருப்பதும். அவள் அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள், வெயிலில் அது பல்லில் மாட்டிய நார் மாதிரி வரமாட்டேன் என்றது. அடக்கம். ஜெசிந்தாவின் வீட்டு வாசலில் ஒட்டியிருந்த தாளில் மூன்றாவதாக ஒரு அடக்கம் இருந்தது: நல்லடக்கம், மாலை நான்கு மணி, புனித சவேரியார் கல்லறைத் தோட்டம். எட்டு மாதம் ஆகிறது. இடுப்பு வலிக்கு, கால் வலிக்கு, நின்று நின்று வருகிற எல்லா வலிக்கும் ஜெசிந்தா கைக்குட்டை முடிச்சில் மாத்திரை வைத்திருப்பாள். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, பந்தோபஸ்து என்றால் கூட ஒன்று. எத்தனை வருடம். அந்த மாத்திரையே மெல்ல மெல்ல வடிகட்டியை அரித்துவிடும் என்று கடைக்காரனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் இமை இரண்டும் வீங்கி, தூக்கம் போதலடி என்றாள். பிறகு பாதம் வீங்கி ஷூ நுழையவில்லை. பிறகு சோறு குமட்டியது. ரத்தம் பரிசோதித்தபோது இரண்டும் போயிருந்தது. அது வலித்துச் சொல்லாது, பாதிக்கு மேலே போகிறவரைக்கும் வாயே திறக்காது என்றாளே நிலோஃபர். என்ன பொறுமை. என்ன அடக்கம். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் படுத்துக்கிடந்தாள் ஜெசிந்தா. இடது கையில் சிரையையும் தமனியையும் சேர்த்துத் தைத்த இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்வாள், உள்ளே தேன்கூடு மாதிரி இரையும். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது. தண்ணீர் இருந்தபோது குடிக்காதவள், குடிக்க ஆசைப்பட்டபோது ஐஸ் துண்டை நாக்கில் வைத்துக்கொண்டாள். கடைசியில் சிறுநீரே நின்றுபோயிற்று. "எனக்கு இப்ப அந்தத் தொல்லையே இல்லடி தவமணி. எந்தப் பந்தோபஸ்துக்கு வேணாலும் போடச் சொல்லு, நிப்பேன்" என்று சொல்லிவிட்டு, இருமல் வரும்வரைக்கும் சிரித்தாள். தவமணியும் சிரித்தாள். வெளியே வந்து மருத்துவமனைக் கழிப்பறையில் போய் உட்கார்ந்தபோது, தனக்குப் போகிறதே என்பதே ஒரு துரோகம் மாதிரி இருந்தது.

"என்னம்மா தவமணி, இன்னும் லேட்டாகும் போலருக்கே" என்று குரல் கேட்டது. இருபத்தெட்டாவது பாயிண்ட் தர்மலிங்கம். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருக்கிற ஏட்டு, நல்ல மனிதர், அவள் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறியவர். கருவேல மரத்துக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தார். காலையிலிருந்து மூன்றாவது தடவை. சர்க்கரை இருக்கிறது அவருக்கு. பேண்ட்டைச் சரிசெய்துகொண்டே, ஒன்றுமே நடக்காதது மாதிரி, ஒன்றும் நடக்கவில்லைதானே, நடந்து வந்தார்.

"எங்க இருக்காராம்ணே?"

"குளிக்கிறாராம்."

"இப்பதானா?"

"மந்திரி குளிக்கிறதுக்கு நேரங்காலம் உண்டா?" என்று சிரித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏம்மா, முகமெல்லாம் வேர்த்து ஒருமாதிரி இருக்க? மயக்கம் கியக்கம் வருதா? தண்ணி தரவா?" பாட்டிலை நீட்டினார். பாதி நிறைந்த பாட்டில். தண்ணீர் வெயிலில் பளபளவென்று ஆடியது, அது ஆடுவதைப் பார்த்ததும் அவள் அடிவயிறு தானும் ஒருமுறை ஆடிக் காட்டியது.

"வேண்டாம்ணே. ஒன்னுமில்ல."

ஒன்றுமில்லை. அண்ணே எனக்கு ஒன்னுக்கு வருது, ஒரு நிமிஷம் பாயிண்டைப் பாத்துக்கங்க. அவ்வளவுதான். இதைச் சொல்ல ஏன் வாய் வரவில்லை. திருடனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். தூக்கு மாட்டினவனைக் கீழே இறக்கியிருக்கிறாள். நடுச்சந்தியில் குடித்துவிட்டு வேட்டியைப் பறக்கவிட்டவனைக் கன்னத்தில் ஒன்று வைத்து ஆட்டோவில் ஏற்றியிருக்கிறாள். இந்த ஒரு வாக்கியம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. பாத்ரூம் என்று சொல்லலாம், இங்கே பாத்ரூமே கிடையாது. யூரின் என்றால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். இயற்கை உபாதை என்றால் பத்திரிகை மாதிரி. உபாதையாம். இதில் உபாதை எங்கே இருக்கிறது. போனால் சுகம், போகவிடாததுதான் உபாதை. தர்மலிங்கம் நிழலுக்குத் திரும்பிப் போனார். அவள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மேல் கோபம் வந்தது, வந்ததற்கு வெட்கமும் வந்தது. மரத்துக்குப் பின்னால் போனது அவர் குற்றமா. அவருக்கு மரம் இருக்கிறது.

பன்னிரண்டு ஐந்து. மைக் கரகரத்தது. மந்திரி கிளம்பிவிட்டார். எல்லா பாயிண்டும் அலர்ட். இன்ஸ்பெக்டர் அருமைநாதனின் குரல், எப்போதும் சளி பிடித்த மாதிரி: "எந்தப் பாயிண்டும் காலியா இருக்கக் கூடாது. ஆள் இல்லன்னா அப்புறம் ஆளே இல்ல. ஓவர்." சரி, இன்னும் நாற்பத்தைந்து நிமிடம். நாற்பத்தைந்து நிமிடம் முடியும். அவள் எண்ண ஆரம்பித்தாள், நூறிலிருந்து பின்னாலே. எழுபத்திரண்டில் விட்டுப்போயிற்று, மறுபடி நூறிலிருந்து, மறுபடி விட்டு, அரை மணி நேரம் அப்படியே போயிற்று. சிறுநீர்ப்பைக்கு ஒரு குணம் உண்டாம், நிறைந்ததும் கூப்பிடும், கவனிக்காவிட்டால் கொஞ்சம் அடங்கும், மறுபடி கூப்பிடும், அடுத்த தடவை இன்னும் சத்தமாக. இப்போது அது கூப்பிடவில்லை, கத்துகிறது. கசிந்துவிட்டால்? காக்கிப் பேண்ட்டில் ஈரம் கறுப்பாகத் தெரியும். எதற்கும் இருக்கட்டும் என்று வைத்திருக்கிற துணி எவ்வளவு தாங்கும். அம்பது வண்டி கடந்து போகும்போது நனைந்து நிற்பாளா. யாராவது போனில் படம் எடுப்பார்களா. ஞானசேகரின் பட்டறையில் அதைப் பார்ப்பார்களா. இலக்கியா. இலக்கியாவின் தண்ணீர் பாட்டில். அது எங்கிருந்து இப்போது ஞாபகத்துக்கு வந்தது. நேற்றுச் சாயங்காலம் பள்ளிக்கூடப் பையைத் திறந்தபோது பாட்டில் கொண்டுபோன மாதிரியே நிறைய இருந்தது. மூடியைத் திருகிய அடையாளம்கூட இல்லை. ஏண்டி குடிக்கவே இல்ல? பாத்ரூம் நாறுதும்மா. தாப்பாளும் இல்ல. குடிச்சா வரும்ல, அதான். ஒன்பது வயது. அதற்குத் தவமணி என்ன சொன்னாள்? அடுப்பில் குழம்பு கொதித்தது, மறுநாள் பந்தோபஸ்துக்குச் சட்டை தேய்க்க வேண்டும், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். என்ன சொன்னாள். சரி, சாயங்காலம்வரைக்கும்தானே, அடக்கிக்கோ. அவள்தான் சொன்னாள். டீச்சர் இல்லை, பயிற்சி கொடுத்தவர் இல்லை, மாமியார் இல்லை. ஒரு கிட்னி சுருங்கிப் போனவள், ஜெசிந்தாவின் பெட்டியில் மண் அள்ளிப் போட்டவள், பெற்ற மகளைப் பார்த்து, தன் வாயால், அடக்கிக்கோ. அந்தப் பிள்ளையும் தலையை ஆட்டிவிட்டு ஹோம்ஒர்க் எழுதப் போனது, நல்ல பிள்ளை, அடக்கமான பிள்ளை. நான் யார் பெத்த பிள்ளைக்குக் காவல் நிக்கிறேன், யார் பெத்த பிள்ளையை என்ன பண்ணிக்கிட்டிருக்கேன், என்று நினைத்தபோது அவள் கால் ஏற்கெனவே சாலைச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. முடிவு எடுத்ததாகவே அவளுக்கு ஞாபகம் இல்லை. சோளக்கட்டை ஷூவுக்கடியில் நொறுங்கும் சத்தம்தான் முதலில் கேட்டது.

"தவமணி! ஏம்மா! எங்க போற? வந்துக்கிட்டிருக்காரும்மா!"

அவள் திரும்பினாள். வாய் திறந்தது. "ஒன்னுக்குப் போறேன்ணே!"

வெட்டவெளியில் அது நன்றாகவே கேட்டது. ஆடு இரண்டும் தலையைத் தூக்கிப் பார்த்தன. தர்மலிங்கம் தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு இரண்டு பாயிண்டுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

ஓட்டு வீட்டு வாசலில் ஒரு பெண் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தவமணி வயதுதான் இருக்கும். காக்கியைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்க வீட்டுக்காரரு கொத்து வேலைக்குப் போயிருக்காரும்மா. அவரு எந்த வம்புதும்புக்கும் போறவரு இல்ல. யாரு என்ன சொன்னா?"

"யாரும் ஒன்னும் சொல்லல. ஒங்க கக்கூஸ் கொஞ்சம் வேணும்."

அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. கழிப்பறையைச் சோதனை போட வந்திருப்பதாக நினைத்தாள் போல. "அதுக்குள்ள ஒன்னும் இல்லம்மா, கடலை மூடைதான்..."

"தாயி, எனக்கு முட்டிக்கிட்டு நிக்குது. காலையில அஞ்சு மணிக்குப் போனது."

அவள் ஒரு நொடி தவமணியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு "அய்யோ, இதுக்கா" என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் ஓடினாள். நீலக் கதவைத் திறந்தால் உண்மையிலேயே கடலை மூட்டைதான், மூன்று, ஒன்றின் மேல் ஒன்றாக. தண்ணி வசதி இல்லாம நாங்க யாரும் இதுக்குப் போறதில்லம்மா, மழையில நனையுமேன்னு இதுல போட்டு வச்சோம், என்று சொல்லிக்கொண்டே ஒரு மூட்டையின் காதைப் பிடித்தாள். தவமணி இன்னொரு காதைப் பிடித்தாள். மூட்டை தூக்குகிற நிலையிலா இருந்தாள் அவள், ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஒரு மூட்டை. இரண்டாவது மூட்டை நடுவாசலில் சிக்கியபோது இடுப்பில் மைக் அலறியது.

"டூ செவன், டூ செவன். பாயிண்ட்ல ஆளக் காணோம். தவமணி எங்க? ஓவர்."

அருமைநாதனின் ஜீப் சாலையைப் பார்த்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். அவள் மூட்டையின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மைக்கை எடுத்தாள். பழைய பதில்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒரு சந்தேக நபரைப் பார்த்தேன் அய்யா. ஆடு ரோட்டுக்கு வந்தது, விரட்டினேன் அய்யா. தலை சுற்றியது அய்யா. ஒவ்வொன்றும் நல்ல பதில்தான், இதற்கு முன்னால் வேலை செய்த பதில்தான். அவள் பொத்தானை அமுக்கினாள். நாற்பது கிலோமீட்டருக்கு நிற்கிற அத்தனை பேருக்கும் இது கேட்கும்.

"டூ செவன் சிறுநீர் கழிக்கப் போயிருக்கு அய்யா. அஞ்சு நிமிஷம் ஆகும். ஓவர்."

மைக் அப்படியே நின்றுபோயிற்று. பிறகு எந்தப் பாயிண்டிலிருந்தோ, யாரோ பேசாமல் பொத்தானை மட்டும் இரண்டு தடவை அமுக்கி விட்டார்கள். டிக், டிக். அவ்வளவுதான். மூன்றாவது மூட்டையை அந்தப் பெண்ணே தன்னந்தனியாக இழுத்துப் போட்டுவிட்டு, "போங்கம்மா, போங்க, நான் தண்ணி எடுத்துட்டு வாறேன்" என்று தவமணியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே கடலைத் தோலின் வாசனை. சுவரில் ஒரு பல்லி. முதலில் வரவில்லை. இவ்வளவு நேரம் பிடித்து வைத்த தசைக்கு விடுவது எப்படி என்று மறந்துபோயிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வா, என்றாள், சத்தமாகவே. யாரும் ஒன்னும் சொல்லமாட்டாங்க, வா. வந்தது. முதல் நொடி எரிந்தது, மிளகாயை அரைத்து விட்ட மாதிரி, அவள் சுவரில் நெற்றியை வைத்து அழுத்தினாள். எரிச்சலோடு வந்தது, விட்டு விட்டு வந்தது, பிறகு விடாமல் வந்தது. கீழே பார்த்தாள். கெட்டியாக, கடுங்காப்பி நிறத்தில். இன்றைக்கே நிலோஃபரைப் போய்ப் பார்க்க வேண்டும். நாளைக்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை, இன்றைக்கே, பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். போய்க்கொண்டே இருந்தது. தோள் இறங்கியது, தாடை இறங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, அது வேறு எங்கிருந்து மிச்சம் இருந்ததோ. சுருங்கினவனே, நீயும் கொஞ்சம் பங்கு போட்டிருப்பாய்தானே. ரெண்டு ஆள் வேலை பார்க்கிறவனே, கேட்டுக்கோ, இனி நான் உன்னை வெயிலில் நிறுத்தமாட்டேன். தூரத்தில் சைரன் கேட்டது. பெரிதாகிக்கொண்டே வந்தது. ஐந்தே முக்கால் மணி நேரமாக எதற்காக நின்றாளோ அது தகரக் கதவுக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. எழுந்து ஓட வேண்டும் என்று கால் துடித்தது, பதினான்கு வருடப் பழக்கம். அவள் எழவில்லை. வண்டி வண்டியாகக் கடந்து போவதைக் காதால் எண்ணாமல், குந்தியபடியே இருந்தாள், கடைசிச் சொட்டு வரைக்கும். சைரன் தேய்ந்து, மேற்கே போய், இல்லாமல் போயிற்று. வானம் இடிந்து விழவில்லை. வெளியே ஆடு ஒன்று கத்தியது.

கதவைத் திறந்தபோது அந்தப் பெண் ஒரு கையில் வாளியும் இன்னொரு கையில் செம்புமாக நின்றாள். வாளி உள்ளே ஊற்ற, செம்பு குடிக்க. தவமணி செம்பை வாங்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள், கழுத்து நனைய நனைய. "பேரு என்ன தாயி?" என்று கேட்டாள். பேச்சி என்றாள் அந்தப் பெண். "எங்களுக்கும் இருட்டுனாத்தாம்மா. பகல்ல வந்தா இப்படித்தான் இருப்போம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மூட்டைகளை ஒருமுறை பார்த்தாள். திரும்ப உள்ளே வைக்க அவள் கை நீளவில்லை.

சாலையில் ஜீப் நின்றிருந்தது. அருமைநாதன் இறங்கி, கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். தர்மலிங்கம் கொஞ்சம் தள்ளித் தரையைப் பார்த்தபடி நின்றார். தவமணி சரிவில் ஏறி வந்து சல்யூட் அடித்தாள். அது நல்ல சல்யூட்டாகவே வந்தது, இடுப்பு இப்போது இடம் கொடுத்தது.

"மைக்ல என்னம்மா பேசுற நீ?" என்றார் அருமைநாதன். கத்தவில்லை. கத்துவார் என்று அவள் எதிர்பார்த்திருந்ததால் அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. "எஸ்பி மேடம் கேட்டுக்கிட்டிருந்திருக்காங்க. ஊரு உலகமே கேட்டுச்சு."

"நீங்க எங்கன்னு கேட்டீங்கய்யா. சொன்னேன்."

"பாயிண்ட விட்டுப் போனதுக்கு விளக்கம் எழுதிக் குடுத்துட்டுப் போ. மேல கேப்பாங்க." ஜீப்புக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். பானட் அடுப்பு மாதிரி கொதித்தது. அவள் தொப்பியைக் கழற்றி அடியில் வைத்து, அதன் மேல் தாளை வைத்து எழுதினாள். பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி. பிறகு கை ஒரு இடத்தில் நிற்கும் என்று நினைத்தாள், நிற்கவில்லை. இன்று காலை ஏழு மணி முதல் மேற்படி இடத்தில் பணியில் இருந்தேன். பெண் காவலர்களுக்குக் கழிப்பறை ஏற்பாடு ஏதும் செய்யப்படவில்லை. மதியம் 12.35 மணிக்கு அருகிலுள்ள வீட்டிற்குச் சிறுநீர் கழிக்கச் சென்றேன். 12.55க்குத் திரும்பினேன். இனிமேலும் செல்வேன். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, கொடுத்தாள்.

அருமைநாதன் படித்தார். கடைசி வரியை இரண்டு தடவை படித்தது அவர் உதட்டு அசைவில் தெரிந்தது. பேனாவைத் திரும்ப அவளிடம் நீட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், உதவி செய்கிறவர் மாதிரி. "இப்படியெல்லாமாம்மா எழுதுவாங்க? பொம்பளப்புள்ள. இத அடிச்சுட்டு, உடம்பு சரியில்லன்னு எழுது. நானும் பாத்து முடிச்சு விட்டுருவேன்."

தவமணி பேனாவை வாங்கி மூடினாள்.

"உடம்பு சரியாத்தான்யா இருக்கு. அதான் போனேன்."